பத்து நாள் எம்.எஸ்சி.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்பு முழுதாகவும், பத்தாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சை வரையும். அதற்குப் பிறகு நான் தடா, சூரத், ஓசூர், எளாவூர் என்று சுற்றியதை யாரும் படிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் முதுகலை இயற்பியலில், அதுவும் இரண்டாம் ஆண்டு குவாண்டம் மெக்கானிக்ஸ் தாளில், நான் ஒரு நாள்கூட மட்டம் போட்டது கிடையாது. பத்து நாள் வகுப்பு, பத்து நாளும் ஆஜர். பதிவேட்டில் இருந்தது வேறொருவர் பெயர் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சரியாகவே இருந்தது.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே ஒரு மாடி அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். ஆறு பேரும் ஒரே இரும்பு உருக்காலையில் வேலை. எனக்கு ஸ்கிராப் குவியலில் வேலை. உலைக்குள் போடும் பழைய இரும்பைப் பொறுக்கிப் பிரிப்பது. அவருக்கு லேபில். உருகிய இரும்பில் ஒரு கரண்டி மொண்டு, சின்ன வில்லையாக வார்த்து, ஆறியதும் அவரிடம் ஓடிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் அதைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பொறி பறக்கவிடுவார். அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, கார்பன் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு என்று இயந்திரம் சொல்லும். அவர் ஃபோனில் எண்ணைச் சொல்லும்வரை இரும்பை ஊற்றக்கூடாது. முப்பத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, சத்தமாகப் பேசத் தெரியாது. ஆனால் அவர் வாய் திறக்காமல் ஆலை நகராது.

அறையில் நாங்கள் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். கேலிக்குத்தான் ஆரம்பித்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கு எம்.எஸ்சி. வேண்டும் என்று அஞ்சல் வழியில் சேர்ந்திருந்தார். எல்லாத் தாளையும் முடித்துவிட்டு இந்த ஒரு தாளில் மட்டும் மூன்று முறை விழுந்திருந்தார். பாடத்திட்டம் மாறுகிறது, பழைய ஆட்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று கடிதம் வந்தது. இதிலும் விழுந்தால், தேறிய மற்றத் தாள்களும் சேர்ந்து செல்லாமல் போய்விடும்.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. திருவள்ளூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறுகளில் பத்து நாள் நேர்முக வகுப்பு. அதில் எட்டு நாளாவது வந்தால்தான் ஹால் டிக்கெட்.

லேபில் அந்த இயந்திரத்தைத் தொடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் மனைவிக்குப் பிரசவம் என்று இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். இவர் போய் மேனேஜரிடம் லீவு கேட்டார். அவர் கோபப்படவில்லை. "என்கிட்ட ஏன் கேக்கறீங்க, உலைகிட்ட கேளுங்க. அது ஒத்துக்கினா எனக்கு ஓகே" என்றாராம்.

அந்த நேரத்தில் நான் அறையில் சும்மா படுத்திருந்தேன். ஸ்கிராப்பில் மூடி நசுங்கிய ஒரு தகர டப்பாவுக்குள் மழைத்தண்ணீர் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை, உலை பார்த்துவிட்டது. உருகிய இரும்புக்குள் தண்ணீர் போனால் எப்படி வெடித்துத் தெறிக்கும் என்பதற்கு என் இடது கால் சாட்சி. பாதத்திலிருந்து கணுக்கால்வரை கட்டு. ஆறுவதற்கு ஆறு வாரம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறு வாரம் ஒரே இடத்தில் கிடப்பது, காலில் பட்டதைவிட எனக்குப் பெரிய தண்டனை.

"வாத்யாரே, நான் போயி குந்திக்கினு வரட்டா?" என்று கேட்டேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்க?"

"உன் காலேஜுக்குத்தான். பேர கூப்ட்டா எஸ் சார்னு சொல்லணும், அவ்ளோதானே? போர்டுல கீறத அப்டியே எழுதிக்கினு வந்துடறேன்."

"யோவ், அது எம்.எஸ்சி. கிளாஸுய்யா."

"இருக்கட்டுமே. இன்னா, அடிச்சிடுவாங்களா?"

"உன்ன பாத்தா எம்.எஸ்சி. மாதிரியா கீது?"

"உன்ன பாத்தா மட்டும்?"

மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "சட்டையை இன் பண்ணிக்கினு போ" என்றார்.

எங்கள் ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது சார்ஜ் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்துப் போகிறவர், உலை எந்த நிலையில் இருக்கிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது என்று வருகிறவரிடம் சொல்வார். வருகிறவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொன்னால் செல்லாது. சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். முன்பு ஒருத்தர் "மூணாம் நம்பர் வால்வு மூடியிருக்கு, தொடக்கூடாது" என்று கிளிப்பிள்ளையாக ஒப்பித்துவிட்டு நேரே போய் அதையே திறந்தாராம். அதற்குப் பிறகு வந்த சட்டம். வாத்தியார் என்னை வகுப்புக்கு அனுப்பியதும் இதே முறையில்தான். வெள்ளிக்கிழமை அவர் எனக்கு சார்ஜ் கொடுப்பார்: நாளைக்கு இந்தப் பாடம் வரும், அதில் விஷயம் இது. நான் என் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்து வந்து நான் அவருக்கு சார்ஜ் கொடுப்பேன். அவர் திருப்பிச் சொல்வார்.

"எனக்கு புரியலன்னா?"

"உனக்கு புரியலன்னா எனக்குப் புரியலன்னு அர்த்தம். அதான் மூணு தபா ஊந்தேன்."

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. சென்ட்ரல் போகிற வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். கட்டுப்போட்ட காலோடு படிக்கட்டு ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் மொத்தம் ஏழு பேர். பாடம் எடுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். நாற்பது வயதிருக்கும், சட்டைக் கைமடிப்பில் சாக்பீஸ் தூள். வாசலில் நான் நொண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவரே வந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "காலைத் தூக்கி இதுல வச்சிக்குங்க" என்றார். என் வாழ்க்கையில் எந்த வாத்தியாரும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சையே பிடுங்கியிருக்கிறார்கள்.

பெயரைக் கூப்பிட்டார். "எஸ் சார்" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

முதல் நாள் போர்டு நிறைய எழுதினார். எனக்கு எழுத்தெல்லாம் படம்தான். சூலம் மாதிரி ஒன்று வந்தது, சூலம் வரைந்தேன். கவிழ்த்துப் போட்ட முக்கோணம் வந்தது, அதையும் வரைந்தேன். ஆங்கில ஹெச் ஒன்று அடிக்கடி வந்தது, ஒவ்வொரு முறையும் அதன் தலையில் ஒரு குறுக்குக் கோடு. பாவம், இந்த ஆள் திரும்பத் திரும்ப அதே இடத்தில் தப்பாக எழுதி அடிக்கிறாரே என்று நினைத்தேன். அவர் அடித்ததையெல்லாம் விட்டுவிட்டு, சுத்தமாக ஒரு பிரதி எடுத்தேன்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் வாத்தியார் நோட்டைப் புரட்டினார். முதலில் சந்தோஷப்பட்டார். ஐந்தாவது பக்கத்தில் முகம் சுருங்கியது.

"இன்னாய்யா இது, ஹெச்-பார் எங்க?"

"அது யாரு?"

"ஹெச்சு மேல கோடு போட்டு இருந்திருக்குமே."

"அத்தான் அவரே அடிச்சிட்டாரே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அடித்தது இல்லையாம். அதுவே ஒரு எழுத்தாம். அந்தப் பாடம் முழுக்க அந்த ஒரு எழுத்தின்மேல்தான் நிற்கிறதாம். குனிந்து உட்கார்ந்து நாற்பது இடத்தில் அதைச் செருகினார். செருகச் செருக அவர் உதடு அசைந்தது. கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, "யோவ், எங்க வரணும், எங்க வரக்கூடாதுன்னு நானே கண்டுபுடிச்சிட்டேன்" என்றார். மூன்று முறை பரீட்சை எழுதியும் அது அவருக்கு அதுவரை தெரியாதாம்.

"அப்ப நான் தப்பு பண்ணது நல்லதாப் போச்சு."

"நாளைக்குப் பண்ணாத."

ஏழு பேரில் ஒரு அம்மா இருந்தார், பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாவது நாள் இடைவேளையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க பி.எஸ்சி. எந்த காலேஜுங்க?" என்று கேட்டார்.

"எளாவூருங்க."

"எளாவூர்ல காலேஜ் இருக்கா?"

"செக்போஸ்ட்டுக்குப் பின்னாடி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் எழுதிய நோட்டையும் ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் பக்கம் தள்ளிவிடுவார்.

ஐந்தாவது நாள் ஒரே மாதிரித் துகள்களைப் பற்றிப் பாடம். இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றி வைத்துவிட்டால் எது எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். கணக்கில் ஒரு மைனஸ் குறி மட்டும் முன்னால் வந்து நிற்கும், அளந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது என்றார். அன்றைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. பாடப்புத்தகத்திலேயே அனுமதி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சார்ஜ்கள் நீளமாயின. வாத்தியார் சொல்வதை நான் என் வார்த்தையில் மாற்றாவிட்டால் விடமாட்டார். நான் தப்பாகச் சொன்னால் கோபப்படமாட்டார். எங்கே தடம் மாறினேன் என்று அங்கிருந்து திரும்ப ஆரம்பிப்பார். சில சமயம் என் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது பதில் வரும். அறையில் மற்றவர்களுக்கு நாங்கள் பெரிய பேஜாராகிவிட்டோம். "ரெண்டு பேரும் ஒரே எலக்ட்ரானாயிட்டீங்களா?" என்று கேட்டான் ஒருத்தன். அவனுக்கும் பாடம் காதில் விழுந்துவிட்டது.

ஏழாவது நாள் மாட்டிக்கொண்டேன். சின்னத் தொந்தரவு என்ற பாடம். அவர்கள் பெர்டர்பேஷன் என்பார்கள். விடை தெரிந்த ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் சின்னதாக ஒரு தொந்தரவைச் சேர்த்தால் விடை எவ்வளவு மாறும் என்று கணக்கிடுவது. விரிவுரையாளர் போர்டில் முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம் என்று எழுதி முடித்துவிட்டு, "இது என்ன சொல்லுது? சூத்திரம் வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்க" என்று கேட்டார். ஆறு பேரும் நோட்டைப் பார்த்தார்கள். எனக்கு நோட்டைப் பார்த்து எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதால் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு.

"நீங்க சொல்லுங்க."

சார்ஜ் கொடுப்பது போலச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். அவர் கையமர்த்தி, உட்கார்ந்தே சொல்லச் சொன்னார்.

"சார், ஒரு ரூம்ல ஆறு பேர் படுத்துக்கினு கீறோம். அவனவனுக்கு ஒரு எடம். புதுசா ஒருத்தன் ரெண்டு நாளைக்குன்னு வந்து படுக்கறான். மொத ராத்திரி யாரும் எடம் மாற மாட்டாங்க. இருக்கற எடத்துலயே கொஞ்சம் பேஜாரு, அவ்ளோதான். அது மொதல் திருத்தம். ரெண்டாவது ராத்திரி ஒருத்தன் செவுத்துப் பக்கம் நவுறுவான், இன்னொருத்தன் இவன் எடத்துல காலைப் போடுவான். ஒருத்தன் எடம் இன்னொருத்தன் எடத்துல கலக்குது. அது ரெண்டாம் திருத்தம்."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே, "சரி. ரெண்டு நிலைக்கு ஒரே ஆற்றலா இருந்தா சூத்திரம் ஏன் வெடிக்குது?" என்று கேட்டார்.

இது முந்தின நாள்தான் வாத்தியார் எனக்கு இரண்டு மணி நேரம் சொன்னது. கீழே வகுக்கிற எண் சைபராகிவிடும் என்றார் அவர். சைபரை நான் என்ன செய்வது?

"ஃபேனுக்கு நேர்கீழ ரெண்டு பேருக்கும் சமமா உரிமை கீது சார். ஒருத்தனுக்கு ஒசத்தி ஒருத்தனுக்கு தாழ்வுன்னு இருந்தா சின்னச் சண்டையோட போயிடும். சமமா இருந்தா, கொசு கடிச்சாக்கூட அடிதடிதான். அதனால புது ஆளை உள்ள வுடறதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு பேரையும் தனியா கூப்ட்டு வச்சி, யாருக்கு எந்தப் பக்கம்னு பேசி முடிச்சிடணும். அப்புறம்தான் மத்த கணக்கு."

அவர் போர்டுக்குத் திரும்பினார். பிறகு அந்த இரண்டு நிலைகளையும் தனியாக ஒரு பெட்டிக்குள் எழுதி, "முதல்ல இவங்க ரெண்டு பேரையும் பேசி முடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மீதிக் கணக்கைப் போட்டார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "ஃபேக்டரில வேலை பாத்துக்கிட்டு இவ்வளவு படிக்கிறீங்களே, டிபார்ட்மென்ட்ல உங்களைப் பத்திச் சொன்னேன்" என்றார். அன்றைக்குத் திரும்பும் வண்டியில் எனக்கு முதல் தடவையாக உறுத்தியது. எலக்ட்ரான் சமாசாரம் இப்போது உதவவில்லை.

வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது, முதலில் ஃபேனைத்தான் கேட்டார். "ஃபேன நான் சொல்லவே இல்லியே?"

"நீ சொன்னத நான் வேற எப்டி சொல்றது?"

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து ஐந்து வாரம் கழித்துப் பரீட்சை. பரீட்சைக்கும் அதே கல்லூரிதான். அதற்குள் லேபின் மற்ற ஆள் திரும்பி வந்துவிட்டதால் வாத்தியாருக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. என் கட்டையும் பிரித்துவிட்டார்கள். ஆனால் அனல் பக்கம் போனால் கால் இன்னும் எரிந்தது. அவர் பையையும் ஃபோனையும் வைத்திருக்க ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். அந்த விரிவுரையாளர் கண்ணில் படாமல் இருந்துவிடலாம் என்று சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாத்தியார் உள்ளே போனார். பத்து நிமிடத்தில் வராந்தாவில் திரும்பி வந்தார், பின்னாலேயே அவர். அந்த அறைக்குக் கண்காணிப்பாளராக வந்திருந்தது அதே விரிவுரையாளர்தான்.

எனக்குக் கேட்கிற தூரத்தில்தான் நின்றார்கள்.

"ஹால் டிக்கெட்ல உங்க ஃபோட்டோதான் இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு. யாருய்யா நீ? அந்தக் கால்ல கட்டு போட்ட மனுஷனை என்ன பண்ணீங்க?"

ஆள்மாறாட்டம் என்று ஒரு வரி எழுதினால் போதும், பரீட்சை என்ன, ஜென்மத்துக்கும் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. விரிவுரையாளர் வாத்தியாரையே வாத்தியாருக்குப் போலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதற்குள் விரிவுரையாளர் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். கையை நீட்டி, வாத்தியாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பத்து நாள் பழக்கம். "எஸ் சார்" என்றேன்.

வராந்தாவுக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உலை, லீவு, டப்பா, கால்.

"நீ என்ன படிச்சிருக்க?"

"ஒன்பதாவது சார். பத்தாவது பாதி."

"பாதியா?"

"அரைப்பரீட்சை எழுதினேன் சார்."

அவர் முகம் சிவந்தது. எங்கள் இரண்டு பேர்மேல் வந்த கோபத்தைவிட, டிபார்ட்மென்ட்டில் என்னைப் பற்றி அவர் பேசிய பேச்சை நினைத்து வந்த கோபம் பெரிதாக இருந்திருக்கும். வாத்தியார் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு இவன் சொன்னானே, ரூமு, ஃபேனு, அதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

இங்கே ஆமாம் என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு நல்லது. நான் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன்.

"இல்ல சார்" என்றார் வாத்தியார். "ஃபேன் இவரு சொன்னது. நான் சொன்னது வகுக்கற எண் சைபர் ஆகறது மட்டும்தான். சமமா இருக்கற நிலைங்களுக்கு உள்ள மொதல்ல தனியா மேட்ரிக்ஸ் போட்டு, அதைத் தீர்த்து, அப்புறம்தான் மத்ததுன்னு சொன்னேன். இவருக்கு மேட்ரிக்ஸ் தெரியாதுங்களே. மூணு தரம் சொன்னேன். மூணாவது தரம் சொல்லும்போதுதான் எனக்கே வெளங்குச்சு."

"இவனுக்கு மூணு தரம் சொன்னீங்களா?"

"அஞ்சாறு தரம்கூட சொல்லியிருப்பேன் சார்."

உள்ளே மணி அடித்தது. வினாத்தாள் கொடுக்க வேண்டிய நேரம். அவர் அறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நான் இதை எழுதினா, பத்து நாள் ஐ.டி. கார்டு பாக்காம என்ன பாடம் எடுத்தேன்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றார், எங்களிடம் இல்லை, தூணிடம். பிறகு வாத்தியாரிடம், "இன்டர்னல் மார்க் இருபதுக்குப் பதினெட்டு போட்டு வச்சிருக்கேன். அது இவன் எடுத்தது, உங்களுது இல்ல. அதை அடிச்சிடறேன், சைபர். எழுத்துத் தேர்வு எண்பதுக்கு. பாஸாக அம்பது வேணும். அந்த அம்பதையும் அதுலயே எடுக்கணும். முடியும்னா உள்ள போங்க" என்றார்.

வாத்தியார் உள்ளே போனார். விரிவுரையாளர் எனக்கு ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சைக் காட்டி, "நீ இங்கயே உக்காரு. கண்ணுக்கு மறைஞ்ச, ரெண்டு பேருக்கும் கேஸ்" என்றார்.

மூன்று மணி நேரம் நான் எங்கேயும் அசையாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். ஜன்னல் வழியே வாத்தியாரின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. முதல் ஒரு மணி நேரம் நன்றாக எழுதினார். அப்புறம் பேனா நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அப்படியே இருந்தார். மின்விசிறியைப் பார்த்தார். எண்பதுக்கு ஐம்பது, என்னால் போன பதினெட்டு. எழுந்துபோய் மன்னிப்புக் கேட்கலாமா, யாரிடம் கேட்பது என்று எனக்குக் கால் துறுதுறுத்தது. அப்போது அவர் உதடு அசைய ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்து, சத்தமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, ஒரு இடத்தில் தலையாட்டி, தடம் மாறிய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்து, யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் அதைக் கவனித்தார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாத்தியார் பேனாவை எடுத்தார். கடைசி மணிவரை அது நிற்கவில்லை.

முடிந்ததும் விரிவுரையாளர் விடைத்தாள் கட்டைக் கொடுத்துவிட்டு வந்து, மிச்சமிருந்த வினாத்தாள் ஒன்றை என் மடியில் போட்டார். "ஏழாவது கேள்வி. சொல்லு."

ஏழாவது கேள்வியில் ஒரு பெட்டிக்குள் துகள், சமமான இரண்டு நிலை. என் வழியில் சொன்னேன். முழுதாகக் கேட்டார்.

"பத்துக்கு ரெண்டு" என்றார்.

"ரெண்டுதானா சார்?"

"கணக்கு இல்லாம அதுக்கு மேல கிடையாது. மீதி எட்டு வேணும்னா பத்தாவதை முடிச்சிட்டு வா."

திரும்பும் வண்டியில் வாத்தியாரிடம் "எப்டி எழுதின?" என்று இரண்டு தடவை கேட்டேன். "நாப்பத்தெட்டு வரும்" என்றார். வேப்பம்பட்டு தாண்டியதும், "இல்ல, நாப்பத்தாறு" என்றார். அவருக்கு எதையும் கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை.

அந்த மாதக் கடைசியில் நான் அறையைக் காலி செய்தேன். ஸ்கிராப் குவியல் பக்கம் காலால் நிற்க முடியவில்லை. எளாவூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை கிடைத்தது. வெயில் உண்டு, ஆனால் வெயில் கீழேயிருந்து வராது. போகும்போது அவர் தன் குவாண்டம் நோட்டை எடுத்துக்கொடுத்தார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். பாஸானால் இது தேவையில்லை, ஃபெயிலானாலும் தேவையில்லை என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. நான் லாரி மேல் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வில்லையைத் தேய்க்கும் கிரைண்டர் சத்தம். லேபிலிருந்து ஃபோன் செய்கிறார் என்று தெரிந்தது.

"வந்துடுச்சு."

"எவ்ளோ வாத்யாரே?"

"அம்பத்தொண்ணு."

கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். "அம்பதுக்கே பாஸு. ஒரு மார்க்கு வேஸ்டாப் பூடுச்சே."

கிரைண்டர் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரோ, "சார், சாம்பிள் சார், ஊத்தட்டுமான்னு கேக்கறாங்க" என்று அவசரப்படுத்தினார்கள்.

"நைனா, உலை நிக்குது, வச்சிடறேன்" என்றார்.

"அழுதுக்கினே கார்பனைத் தப்பாச் சொல்லிடாத" என்றேன்.